காசிராஜன் குடும்பம்

அந்த வீட்டுக்கு அப்போது என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. பச்சை என்றுதான் மனதில் நிற்கிறது. கிளியம்மாள் ஊதா என்கிறாள். அதில் குடியிருக்கும் மாடத்தியோ, "அந்த வீட்டுக்கு நிறம்னு ஒண்ணு இருந்துச்சா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எல்லோரும் அந்த வீட்டில் கூடிய நாள் கிருத்திகையா, அதற்கு மறுநாளா என்பதிலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆகவே இதில் வரும் பேச்சு கொஞ்சம் முன்பின் மாறியிருக்கலாம். நடந்தது நடந்ததுதான், அதில் சந்தேகமில்லை. அது ஏன் அப்படி நடந்தது என்பதில் கிளியம்மாளுக்கு இருக்கும் குழப்பம் எனக்கும் இருக்கிறது.

கிளியம்மாள் வீட்டு புரோக்கர். வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் போகும் வழியில், கம்பெனிகள் வந்த பிறகு முளைத்த தெருக்களில், பத்துப் பதினைந்து வீடுகள் அவள் கையில் இருந்தன. கையில் என்றால் சாவி அவள் கையில். வீட்டுக்காரர்கள் யாரும் அங்கே இல்லை. தாம்பரத்திலும் போரூரிலும் மறைமலை நகரிலும் இருந்தார்கள். குடியிருந்தவர்கள் தெற்கேயிருந்து வந்த பிள்ளைகள். லைனில் நின்று போன் பூட்டுகிறவர்கள், கார் கண்ணாடி மாட்டுகிறவர்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள். குடி வைத்தால் வருகிறவரிடம் ஒரு மாத வாடகை அவளுக்கு. அதன் பிறகு வாடகையை வாங்கி அனுப்புவது, மோட்டார் ஓடவில்லை என்றால் ஆள் கூட்டிவருவது, சண்டை என்றால் போய் நிற்பது எல்லாம் அவள்தான். அதற்கு வீட்டுக்காரர்கள் பார்த்து ஏதோ கொடுப்பார்கள். அவள் பெயர் எந்தத் தாளிலும் இருந்ததில்லை. தாள் என்று ஒன்றே பல வீடுகளுக்கு இல்லை.

அந்தத் தொழிலில் ஒரே ஒரு விதி உண்டு. வீட்டுக்காரரையும் குடித்தனக்காரரையும் பேச விடக் கூடாது. இவர் நம்பர் அவரிடம் இருக்கக் கூடாது, அவர் முகம் இவருக்குத் தெரியக் கூடாது. வடகால் பக்கம் இதே தொழில் செய்யும் மண்ணாங்கட்டி டீக்கடையில் கையைத் தட்டிக் காட்டுவார். "ரெண்டு கையும் சேந்துச்சுனு வையி, நடுவுல கீற கொசு இன்னா ஆவும்? அவ்ளோதான்."

பேச விடாமல் வைத்திருப்பதென்றால் சும்மா இருந்தால் போதாது. இரண்டு பக்கமும் மற்றவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேட்பவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் காசிராஜன் குடும்பம் உண்டானது.

வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் பின்னால் இருந்த மாடி வீட்டுக்கு ஓனர் செந்தமிழன். தாம்பரத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். வீட்டைக் கொடுத்தபோதே, "ஃபேமிலிக்குத்தான் விடணும்மா. பேச்சிலர்ஸ் வேண்டாம். அதிலயும் பொம்பளப் பசங்களா சேர்ந்து இருக்கறது வேண்டவே வேண்டாம், நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். கிளியம்மாள் தலையாட்டிவிட்டு வந்தாள். அந்த வாரம் அவளிடம் வீடு கேட்டு வந்தவர்கள் மூன்று பெண்கள். தங்கமாரி, மாரிசெல்வி, மாடத்தி. மூவரும் தென்காசிப் பக்கம். ஹாஸ்டலில் ஒரு கட்டிலை இரண்டு ஷிஃப்ட் ஆட்கள் மாற்றி மாற்றிப் படுக்கிறார்கள் என்று சொல்லிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். குடும்பம் எதுவும் வரவில்லை. வீடு பூட்டிக் கிடந்தால் யாருக்கு லாபம்? சாவியைக் கொடுத்தாள்.

செந்தமிழன் போனில், "யார் வந்திருக்கா?" என்று கேட்டபோது, எதிரே ஒரு பையன் வேறொரு அறைக்கு வாடகை கொடுக்க நின்றுகொண்டிருந்தான். அவன் பெயர் காசிராஜன். "காசிராஜன்னு ஒரு தம்பி சார். பொண்டாட்டி, மச்சினிச்சி. நல்ல குடும்பம்" என்று அவள் வாயில் வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். செந்தமிழன் விடவில்லை. மனிதர் நல்லவர், விசாரிக்கிற குணம். ஒரு வருஷம் கழித்து, "இன்னும் குழந்தை கிழந்தை இல்லையா?" என்றார். கிளியம்மாளுக்கு அந்தப் பெண் மேல் இரக்கம் வந்துவிட்டது, இல்லாத அந்தப் பெண் மேல். "முழுவாம கீறா சார்" என்றாள். பிறகு பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. வல்லக்கோட்டை முருகன் பார்த்துக் கொடுத்ததால் குகன் என்று பெயர் வைத்தார்கள். காது குத்துக்கு செந்தமிழன் ஒரு வெள்ளி அரைஞாண் கொடுத்தனுப்பினார். அதை வாங்கிக்கொண்டு வந்த அன்று கிளியம்மாள் நெடுநேரம் யோசித்தாள். விற்க மனம் வரவில்லை. வீட்டு பீரோவில் ஒரு துணியில் சுற்றி வைத்தாள். அவள் கணவன் ரத்தினம் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். அவன் துணியைப் பிரித்துப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி சுற்றி வைத்தான்.

இந்தப் பக்கம் பெண்களிடமும் அவள் ஒரு செந்தமிழனைச் செய்து வைத்திருந்தாள். அவர் கடும் கோபக்காரர். எதிரில் போனால் குரைப்பார். மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகி, அடுப்படிச் சுவரெல்லாம் பாசி பிடித்தபோது, "சொன்னேன்டீ, காலி பண்ணினு போவச் சொல்லுன்றாரு" என்றாள். உண்மையில் அவள் சொல்லத்தான் சொன்னாள். செந்தமிழன், "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்று மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவரே கூப்பிட்டார். குரல் எப்போதும்போல் இல்லை.

"அம்மா, அந்தப் புது வாடகைச் சட்டம் தெரியும்ல?"

"கேள்விப்பட்டேன் சார். அட்வான்ஸ் மூணு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்றாங்களே, அதுவா? அது வந்து ரொம்ப நாளாவுதே. நம்ம பக்கம் யாரு சார் அதெல்லாம் பாக்கறாங்க?"

"இப்பப் பாக்கறாங்க. எழுதாத வாடகை செல்லாதாம். அக்ரிமென்ட் போட்டு ஆன்லைன்ல பதியணும். எனக்கு இங்க ஒரே நெருக்கடி. கிருத்திகைக்குக் கோயிலுக்கு வரோம், அப்படியே முடிச்சிடலாம். காசிராஜனை இருக்கச் சொல்லுங்க. குழந்தையையும் பாத்த மாதிரி இருக்கும்."

அவர் வைத்த பிறகும் அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நெருக்கடி என்றாரே, யார் கொடுக்கும் நெருக்கடி என்று அப்போது அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நேராக ஜாஸ்மின் கடைக்குப் போனாள். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை எல்லாம் செய்யும் கடை அது. ஜாஸ்மின் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள்.

"இன்னா கிளியக்கா, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி கீது?"

"வாடகைப் பதிவுன்றாங்களே, அதுக்கு இன்னா வேணும்?"

"ஓனரு ஆதாரு, போட்டோ, போன் நம்பரு. வாடகைக்காரரு ஆதாரு, போட்டோ, போன் நம்பரு. வூட்டு வரி ரசீது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட்."

"ரெண்டு பேருமா?"

"பின்ன? ஒரு கைய வெச்சிகினு கல்யாணமா பண்ணுவாங்க?"

"ஓனரு நம்பரு அவங்களுக்குப் பூடுமா?"

"பேப்பருலயே இருக்கும். அவுங்க நம்பரு இவருக்கு, இவரு நம்பரு அவுங்களுக்கு." ஜாஸ்மின் கணினியிலிருந்து கண்ணை எடுத்துச் சிரித்தாள். "ஏன் அக்கா, உன் பொழப்புல மண்ணா?"

கிளியம்மாள் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தாள். கண்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் குட்டு உடைந்தால் அந்த வீடு மட்டும் போகாது. செந்தமிழன் தன் கடைக்கு வரும் போரூர் வீட்டுக்காரரிடம் சொல்லுவார், அவர் இன்னொருவரிடம். எல்லா வீட்டுக்காரரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: எங்கள் வீட்டில் உண்மையில் யார் இருக்கிறார்கள்? அந்தப் பதினைந்து சாவியும் ஒரு வாரத்தில் இடுப்பை விட்டுப் போய்விடும். சாவி போனால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது? நிலம் கம்பெனிக்குப் போய்விட்டது. லைனில் நிற்க வயசில்லை.

ஆகவே அவள் அந்தத் தொழில்காரி மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தாள். பொய்யை விடாமல், பொய்க்கு ஆள் பிடித்தாள்.

காசிராஜன் முதலில் சிரித்தான். பிறகு பயந்தான். "யக்கா, ஊர்ல எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காவ. இதுல பொண்டாட்டி புள்ளைன்னு கவர்மென்ட்ல ஏறிட்டுன்னா எங்கம்மைக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"பொண்டாட்டி பேரெல்லாம் அதுல வராது. உன் பேரு மட்டும்தான். வந்து நின்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயேன்டா."

"கேட்டா யாரைக் காட்ட? மூணு பேரு இருக்காளுவளே."

"மாரிசெல்விய வெச்சிக்கலாம். அவதான் அதிகம் பேச மாட்டா."

"என்னது, வெச்சிக்கலாமா?" என்றான் காசிராஜன்.

அன்று சாயங்காலம் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்களிடம் விஷயத்தைச் சொன்னபோது மாடத்தி உருண்டு உருண்டு சிரித்தாள். "ஏட்டி மாரி, உனக்கு நாலு வயசுல புள்ள இருக்கானாம்! எல்.கே.ஜி. சேத்துட்டியா?" மாரிசெல்வி தலையணையை எடுத்து எறிந்தாள். தங்கமாரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கம்பெனியில் லைன் லீடர், மற்ற இருவருக்கும் மூத்தவள். போனில் எதையோ படித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யக்கா, பேப்பர்ல அந்த அண்ணன் பேரு இருந்தா, வாடகைக்கு இருக்கது அவருன்னு ஆயிரும்லா?"

"பேருக்குத்தானே தங்கம்."

"நாளைக்கு அவரு, போங்கன்னு சொன்னா நாங்க போவணும். இல்ல அவரு ஊருக்குப் போயிட்டாருன்னா நாங்க யாரு? வாடகை குடுக்கது நாங்க, சுவரு துடைக்கது நாங்க. எங்க பேரைப் போடுங்களேன்."

"உங்க பேரைப் போட்டா அந்தாளு உள்ளாறவே வுடமாட்டாருடீ."

"நீங்க கேட்டியளா?"

கிளியம்மாள் வாயைத் திறந்தாள். கேட்டேன் என்று சொல்ல வந்தாள். எது அவள் உண்மையாகக் கேட்டது, எது கேட்டதாகச் சொன்னது என்று அந்த நேரத்தில் அவளுக்கே பிரிக்க முடியவில்லை. தொட்டியிலிருந்து ஒழுகும் நீர் மொட்டை மாடியில் எங்கோ தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் தங்கமாரியே, "சரி விடுங்க. வந்த பொறவு பாப்போம்" என்றாள். அது சம்மதமா இல்லையா என்று கிளியம்மாளுக்கு விளங்கவில்லை. படி இறங்கும்போது ஒருமுறை நின்றாள். திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று நினைத்தாள். போகவில்லை.

கிருத்திகை அன்று கோயில் தெருவில் காவடிக் கூட்டம் நெரிந்தது. செந்தமிழனின் கார் வீட்டுக்கு வரவே நேரமாயிற்று. முன்னால் இறங்கியவர் நெற்றி நிறைய விபூதியோடு செந்தமிழன். பின்னால் இறங்கியவள் ஐம்பது வயசுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள். பருத்திப் புடவை, கையில் தோல் பை. செந்தமிழனின் மனைவியைக் கிளியம்மாள் ஒருமுறை கடையில் பார்த்திருக்கிறாள். இது அவர் இல்லை.

"இவங்க எங்க அக்கா, மதிவதனி. மறைமலை நகர்ல இருக்காங்க" என்றார் செந்தமிழன். அவர் கண் கிளியம்மாளின் மேல் நிற்கவில்லை. ஒரு கணம் விட்டு, "வீடு இவங்க பேர்லதான் இருக்கு" என்றார்.

கிளியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருஷம் வாடகையை யாருக்கு அனுப்பினாள்? யாருடைய கோபத்துக்குப் பயந்தாள்? இவர் ஓனர் இல்லை என்றால் இவர் யார்? நடுவில் தான் ஒருத்திதான் இருப்பதாக அவள் நினைத்திருந்தாள்.

மேலே கூடத்தில் பாய் விரித்திருந்தது. காசிராஜன் சலவைச் சட்டை போட்டு, மாரிசெல்வியிலிருந்து நாலடி தள்ளி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல் விறைத்து உட்கார்ந்திருந்தான். தங்கமாரி ஜன்னலோரம் நின்றாள். மாடத்தி அடுப்படி வாசலில்.

மதிவதனி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "பெரியவர் எங்க?" என்றாள்.

"நாந்தாம்மா" என்றான் காசிராஜன்.

"நீங்களா? ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர்?"

காசிராஜன் கிளியம்மாளைப் பார்த்தான். இது அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில் இல்லை. கிளியம்மாள் செந்தமிழனைப் பார்த்தாள். செந்தமிழன் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார்.

"அது வந்து அக்கா, அந்தத் தாத்தா பாட்டி போயிட்டாங்க" என்றார்.

"எப்போ போனாங்க? போன மாசம்கூடத் தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன், வாடகை குறைச்சலாத்தான் தர முடியும்னு சொன்னியே?" கிளியம்மாள் அனுப்பிய வாடகை ஒரு மாசமும் குறைந்ததில்லை.

"அவங்க போனதும் இந்தத் தம்பி ஃபேமிலி..." செந்தமிழன் அவசரமாகக் காசிராஜன் பக்கம் திரும்பினார். "தம்பி, குகன் எங்க? அரைஞாண் சரியா இருந்துச்சா?"

"எது சார்?" என்றான் காசிராஜன். பிறகு ஏதோ ஞாபகம் வந்து, "ஸ்கூலுக்குப் போயிருக்கான்" என்றான்.

"ஞாயித்துக்கிழமையா?" என்றாள் மதிவதனி.

அடுப்படி வாசலில் மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மாரிசெல்வியின் முகம் சிவந்துவிட்டது. செந்தமிழன் கிளியம்மாளைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இருந்திருக்கலாம். ஆனால் தன் பொய்க்கு அவளிடம் துணை கேட்பதுபோலவும் இருந்தது. கிளியம்மாளுக்கு ஒரு கணம் அந்தத் தாத்தா பாட்டியை மனக்கண்ணில் பார்க்க முடிந்தது. தாத்தா கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். குகன் அவர் மடியில் இருக்கிறான். இவர்கள் எல்லோரும் இந்த வீட்டில்தானே ஆறு வருஷமாக வாடகை கொடுத்துக் குடியிருந்தார்கள்? இந்த மூன்று பெண்கள்தான் இல்லாமல் இருந்தார்கள்.

கோயில் பக்கமிருந்து மேளம் நெருங்கி வந்து, தெருவைக் கடந்து, தேய்ந்து போயிற்று.

தங்கமாரிதான் ஜன்னலை விட்டு முன்னால் வந்தாள்.

"அம்மா, இந்த வீட்ல நாங்க மூணு பேருதான் இருக்கோம். இவரு பின் தெருவுல இருக்காரு, பாவம், கூப்பிட்டதுக்கு வந்தாரு. புள்ளையும் இல்ல, தாத்தாவும் இல்ல. நாங்க கம்பெனில வேலை பாக்கோம். வாடகை ஒரு மாசமும் நின்னது கிடையாது. பேப்பர் போடுததுன்னா எங்க பேரைப் போடுங்க."

கிளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது அந்த அம்மாள் எழுந்து போவாள், செந்தமிழன் கத்துவார், சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்லுவார்கள் என்று காத்திருந்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றாள் மதிவதனி.

மாடத்தி கொண்டுவந்தாள். மதிவதனி பாதி குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். "எந்த ஷிஃப்ட்?"

"மாறி மாறி வரும்மா. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்துரும்."

"கேட் சாவி ஆளுக்கொண்ணு இருக்கா?"

"ஒண்ணுதான் இருக்கு. அக்கா இன்னொண்ணு குடுக்கக் கூடாதுன்னாவ, ஓனர் திட்டுவாருன்னு."

"நான் ஏன் திட்டப் போறேன்?" மதிவதனி அடுப்படியை எட்டிப் பார்த்தாள். "இதென்ன சுவரெல்லாம் இப்படி?"

"தொட்டி ஒழுகுதும்மா. மூணு வருசமா."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"நாங்க அக்காகிட்ட சொன்னோம்."

"நான் சார்கிட்ட சொன்னேன்" என்றாள் கிளியம்மாள். தன் குரல் தனக்கே சிறு பிள்ளையின் குரல்போல் கேட்டது.

செந்தமிழன் படிப் பக்கம் நகர்ந்தார்.

மதிவதனியும் தங்கமாரியும் மொட்டை மாடிக்கு ஏறிப் போனார்கள். கீழே இருந்தவர்கள் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தொட்டியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. மதிவதனி ஏதோ கேட்க, தங்கமாரி சிரித்தாள். ஆறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்துக் கிளியம்மாள் கேட்டதில்லை. பத்து நிமிஷம் இருக்கும். இறங்கி வந்தபோது இரண்டு பேர் போனிலும் மற்றவர் நம்பர் ஏறியிருந்தது.

கிளியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பாற்றி வந்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். வீட்டுக்காரர் என்றால் விரட்டுவார், குடித்தனக்காரர் என்றால் ஏய்ப்பார். நடுவில் ஒருத்தி நின்று இரண்டு பக்கத்தையும் தாங்க வேண்டும். அந்தத் தாங்கலுக்குத்தான் கூலி. இரண்டு பேரும் நேரில் பார்த்ததும் வீடு இடிந்து விழவில்லை. இவ்வளவு சுலபமா? சுலபம் என்றால் இத்தனை நாள் நான் செய்தது என்ன? இந்த அம்மாள் இல்லாமல் உண்மையிலேயே ஒரு கோபக்கார ஓனர் வந்திருந்தால்? அப்போது நான் செய்தது சரியாகியிருக்குமா? அவளுக்குப் பிடிபடவில்லை.

படியில் செந்தமிழன் அவள் பக்கம் வந்து தாழ்ந்த குரலில், "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றார்.

"நீங்க சொன்னீங்களா சார்?" என்றாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "அந்த அரைஞாண்?"

"பத்திரமா கீது சார். அனுப்பி வெக்கறேன்."

எல்லோருமாக ஜாஸ்மின் கடைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று பாதி ஷட்டர் இறக்கியிருந்தவள், கிளியம்மாளைப் பார்த்துத் திறந்தாள். ஆதார் அட்டைகள் மேஜையில் வரிசையாக வந்தன. ஜாஸ்மின் தட்டிக்கொண்டே போனாள். மூன்று பெண்களும் ஒருவர் பின் ஒருவராகச் சுவரில் தொங்கிய வெள்ளைத் துணி முன்னால் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாரிசெல்வி மட்டும் தலை சீவிக்கொண்டு இரண்டாவது முறை எடுக்கச் சொன்னாள்.

திடீரென்று ஜாஸ்மின் நிறுத்தினாள். "சொத்து மேலாளர்னு ஒண்ணு கேக்குது. ஓனருக்காக வூட்டப் பாத்துக்கறவங்க இருந்தா போடணுமாம். யாருனா கீறாங்களா?"

எல்லோரும் கிளியம்மாளைப் பார்த்தார்கள்.

"உங்க பேரைப் போடலாமா?" என்றாள் மதிவதனி. கேட்ட விதத்தில் கேலி இல்லை, கனிவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "தொட்டியை மாத்தணும், பெயின்ட் அடிக்கணும். மாசாமாசம் ஒருத்தர் வந்து பாத்தா எனக்கு நல்லதுதான். ஆனா இனிமே எனக்குத் தெரியாம எதுவும் நடக்கக் கூடாது."

"போட்டா இன்னா ஆவும்?" என்று கிளியம்மாள் ஜாஸ்மினிடம் கேட்டாள்.

"போட்டா நீ பொறுப்பு அக்கா. பிரச்சினைன்னு ஒண்ணு வந்தா உன்னையும் கூப்புடுவாங்க. நீ சொன்னது செஞ்சது எல்லாத்துக்கும் நீ பதில் சொல்லணும்."

"போடலன்னா?"

"போடலன்னா ஒண்ணுமில்ல. நீ இதுல இல்ல, அவ்ளோதான்."

கிளியம்மாள் யோசித்தாள். இத்தனை வருஷம் அவளுடைய பலமே அவள் பெயர் எங்கும் இல்லாததுதான். பெயர் ஏறினால் இனி குகன்கள் பிறக்க முடியாது. ஏறாவிட்டால் அவளே இல்லை. இரண்டில் எது பயம், எது ஆசை என்று புரியாமல், "எங்க ஊட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று வெளியே வந்தாள். ரத்தினத்தை அவள் எதற்கும் கேட்டதில்லை.

அவன் ஞாயிறு ஷிஃப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு, கம்பெனி வாசலில் பஸ்ஸை நிறுத்தியிருந்தான். நடந்ததையெல்லாம் போனில் மூச்சுவிடாமல் சொன்னாள். முடித்த பிறகு அந்தப் பக்கம் இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"கேக்குதா?"

"கேக்குது."

"இன்னா பண்ணட்டும்?"

வெயிலில் நின்று அந்த இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். காவடி எடுத்து முடித்தவர்கள் சிலர் மஞ்சள் வேட்டியோடு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தார்கள். எவ்வளவு நேரமென்று அவளுக்குத் தெரியாது.

"அந்தப் புள்ள பேரு இன்னா வெச்ச? குகனா?" என்றான் கடைசியில்.

"ஆமா."

"நல்ல பேருதான்" என்று சொல்லிவிட்டு, ஹாரன் அடித்த யாருக்கோ வழிவிடப் போனை வைத்துவிட்டான்.

அவள் உள்ளே வந்தபோது பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை அதிக நேரம் திறந்து வைத்தால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமாம். ஜாஸ்மின் அனுப்பிவிட்டிருந்தாள். "காலியா வுட்டுட்டேன் அக்கா. நீ வரவே இல்ல."

"பரவால்ல" என்றாள் கிளியம்மாள். மதிவதனி அவளை ஒரு கணம் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தாள், தாள்களைப் பைக்குள் வைத்தாள். கிளியம்மாள் இடுப்பு வளையத்திலிருந்து அந்த வீட்டுச் சாவியைக் கழற்றித் தங்கமாரியிடம் கொடுத்தாள். நகம் வலித்தது. தங்கமாரி, "யக்கா, வீட்டுக்கு வாங்க, எப்பவும்போல" என்றாள். எப்பவும்போல என்றால் எதைச் சொல்கிறாள் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்தது இவ்வளவுதான். தங்கமாரியும் மாடத்தியும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். புதுத் தொட்டி வைத்தாயிற்று. மாரிசெல்வி ஊரில் கல்யாணமாகிப் போய்விட்டாள். மாப்பிள்ளை சங்கரன்கோவிலில் கடை வைத்திருப்பவர். காசிராஜன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான், இன்னும் பெண் அமையவில்லை. செந்தமிழனும் மதிவதனியும் பேசிக்கொள்வதில்லை. ஜாஸ்மின் கடையைப் பெரிதாக்கி வாடகைப் பதிவுக்கென்று தனியாக ஒரு ஆள் வைத்திருக்கிறாள். மண்ணாங்கட்டி புரோக்கர் வேலையை விட்டுவிட்டு மகனோடு தண்ணீர் லாரி ஓட்டுகிறார். கிளியம்மாள் கையிலிருந்த வீடுகளில் பெரும்பாலானவை அந்த வருஷத்துக்குள் போய்விட்டன. நாலு வீட்டுக்கு மட்டும் அவள் பெயரை மேலாளர் என்று போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் மாசச் சம்பளம் கொடுக்கிறார்கள். குடி வருகிறவர்களிடம் அவள் ஒன்றும் வாங்குவதில்லை. ரத்தினம் இன்னும் அதே பஸ்தான் ஓட்டுகிறான்.